நக்கீரரின் ரம்பமும் தூத்துக்குடிச் சங்கும்: உடம்பில் போட்டுக்கொள்ளும் ஒரு கலையின் கதை

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம்.)

போன மாசம் கோலாப்புரி செருப்பு பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கும். 2025 ஜூன்ல மிலான் ஃபேஷன் ஷோவில் பிராடா கம்பெனியின் மாடல்கள் கோலாப்புரி மாதிரியே இருந்த செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தாங்க. 2019-லயே புவிசார் குறியீடு வாங்கின பொருள் அது. ஆனா மேடையில் கோலாப்பூர் என்ற பேரே வரல. இங்கே சத்தம் கிளம்பின பிறகுதான், இந்தியக் கைவினைதான் தூண்டுதல்னு அந்தக் கம்பெனி ஒத்துக்கிச்சு.

அந்த எபிசோடுக்கு நிறைய மெயில் வந்துச்சு. அதுல ஒண்ணு என்னை நேரா குத்திடுச்சு. "அண்ணே, நீங்க தூத்துக்குடிக்காரர்தானே? நம்ம ஊர்ல இந்த மாதிரி போட்டுக்குற கலை எதுவும் இல்லையா? ஷூ, செருப்பு, எதுவா இருந்தாலும் சரி." முதல்ல எனக்குத் தோணின பதில்: இல்லப்பா, நம்ம ஊர்ல உப்பு இருக்கு, ஹார்பர் இருக்கு, மக்ரூன் இருக்கு. அவ்ளோதான்.

அது தப்பான பதில். எவ்வளவு தப்புன்னு இன்னைக்குச் சொல்றேன்.

பக்கத்து சீட்டில் ஒரு வளையல்

என் டீம்ல ஒரு பெங்காலிப் பொண்ணு வேலை செய்றாங்க. கல்யாணம் முடிஞ்சு லீவுலேர்ந்து திரும்பி வந்தப்ப ரெண்டு கையிலயும் வெள்ளை வளையல், பக்கத்துல சிவப்பு வளையல். வெள்ளைக்குப் பேரு ஷாங்கா. சிவப்புக்குப் பேரு போலா. பெங்காலி இந்துக் கல்யாணத்துல நம்ம ஊர்த் தாலி மாதிரி இதுதான் அடையாளம். கீபோர்டுல தட்டுறப்ப 'டக் டக்'னு சத்தம் வரும். "பிளாஸ்டிக்கா?"ன்னு கேட்டேன். "இல்லை, சங்கு. எங்க அம்மா கொல்கத்தாவுல வாங்கினது"ன்னு சொன்னாங்க.

கொல்கத்தாவுல சங்கு எங்கேர்ந்து வருது? அவங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. வீட்டுக்கு வந்து தேடினப்பதான் தெரிஞ்சுது. பல நூற்றாண்டா வங்காளத்துக்கு வளையல் சங்கு போன முக்கியமான இடங்கள்ல ஒண்ணு மன்னார் வளைகுடா. அதாவது என் ஊர்க் கடல். ஒரு சப்ளை செயினோட ரெண்டு முனையும் ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம கோட் எழுதிட்டு இருந்திருக்கோம்.

முதலில் காலுக்கு வருவோம்

செருப்புல ஆரம்பிச்சதால, கையைப் பார்க்கும் முன்னாடி கொஞ்சம் காலைப் பார்த்துடலாம். தமிழ் இலக்கியத்துல காலில் போடும் பொருள்னா யாருக்கும் முதல்ல நினைவுக்கு வர்றது சிலம்பு. சிலப்பதிகாரக் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு டிசைன் விவரத்தை மட்டும் கவனிங்க. வெளியிலிருந்து பார்த்தா கண்ணகி சிலம்பும் பாண்டிமாதேவி சிலம்பும் ஒரே மாதிரி. வித்தியாசம் உள்ளே போட்டிருக்கும் பரல்ல இருக்கு. கண்ணகியோடதுல மாணிக்கம். ராணியோடதுல முத்து. ஒரு கொலை வழக்கே இந்த விவரத்துல தீருது.

ராணி சிலம்புல ஏன் முத்து? பாண்டியர் கஜானாவே முத்துதான். அந்த முத்து வந்த துறைமுகம் கொற்கை, இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கு.

கதையோட முடிவுல கொற்கை இன்னொரு தடவை வரும். ஸ்கூல் புத்தகத்துல இது பெரும்பாலும் இருக்காது. ராணி சிலம்பைத் திருடிட்டு கோவலன் மேல பழி போட்டது ஒரே ஒரு பொற்கொல்லன். ஆனா கொற்கையில் இருந்த பாண்டிய இளவரசன் வெற்றிவேற்செழியன், கண்ணகியின் கோபத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான்னு காப்பியம் சொல்லுது. இதை நடந்த வரலாறா நான் எடுத்துக்கல. ஆனா அழகான பொருளைச் செய்யுற கூட்டத்தை அந்தச் சமூகம் எப்படிப் பார்த்துச்சுங்கிறதுக்கு இந்த ஒரு வரிச் செய்தி போதும். பொருள் தெய்வமாகுது. செஞ்சவன் பலியாகுறான்.

இதை மனசுல வச்சுக்கோங்க. இப்போ கைக்கு வருவோம்.

கொற்கையின் குப்பை

கொற்கைக்கு நான் பைக்ல போனேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பக்கம் போய், ஆத்தூர், ஏரல் வட்டாரத்துல உள்ளே திரும்பணும். வாழைத்தோட்டம், வயல், ஒரு பெரிய குளம், பழைய வன்னி மரம். கடலைக் காணோம்! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின வண்டல், கடலைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிடுச்சு. துறைமுகமும் கடல் பின்னாலேயே நகர்ந்துச்சு. கொற்கைக்குப் பிறகு காயல். மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டுக் கடைசியில வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான். அதுக்கும் பிறகு தூத்துக்குடி.

1968-69-ல தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டினப்போ கிடைச்ச கரியைச் சோதிச்சதுல கி.மு. 785-ன்னு ஒரு காலக்கணிப்பு வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 20-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல, ஜேம்ஸ் ஹார்னெல்னு ஒரு ஆங்கிலேயர் இங்கே சுத்தியிருக்கார். தூத்துக்குடியில முத்து, சங்குக் குளிப்பைக் கவனிச்ச அதிகாரி அவர். 1914-ல சங்கு பத்தி ஒரு முழுப் புத்தகமே போட்டார்.

அவர் கொற்கையில் தேடி எடுத்தது தங்கமோ சிலையோ இல்லை. குப்பை. அறுத்துட்டுத் தூக்கிப் போட்ட சங்குத் துண்டுகள். அதை ஒரு டிடெக்டிவ் மாதிரி பார்த்தார். துண்டுகளின் அறுத்த பக்கத்துல ஓடுற கோடுகளை வச்சு, மெல்லிய இரும்பு ரம்பத்தால அறுத்ததுன்னு கண்டுபிடிச்சார். அதே மாதிரி ரம்பம், அதே அறுக்கும் முறை, அவர் காலத்து வங்காளத்துல இன்னும் புழக்கத்துல இருந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா, பழைய லாக் ஃபைலைப் படிச்சே எந்த புரோகிராம் ஓடியிருக்குன்னு சொல்லிட்டார்.

ஆக, கொற்கை வெறும் கச்சாப்பொருள் ஏத்தி அனுப்பின ஊர் இல்லை. இங்கேயே பட்டறை இருந்திருக்கு. கீழடியிலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைச்சிருக்கு. இன்னும் பின்னாடி போனா, கி.மு. 2500 வாக்குல சிந்துவெளிக்காரங்களும் இதே வகைச் சங்கைத்தான் வளையலா அறுத்தாங்க. குஜராத் கடலோரத்துல நாகேஷ்வர்னு ஒரு ஊரே சங்குப் பட்டறையா இருந்துச்சு.

ஏன் எல்லாரும் இதே சங்கு? விலங்கியல்ல இதுக்குப் பேரு டர்பினெல்லா பைரம். வேதியியல்படி பார்த்தா சுண்ணாம்புக்கல் சமாச்சாரம்தான், கால்சியம் கார்பனேட். ஆனா ஓட்டுக்குள்ள மெல்லிய அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமா பின்னியிருக்கும். பிளைவுட் மாதிரி. அதனால ஒரு இடத்துல விரிசல் விட்டா அது நேரா ஓடி உடைஞ்சுடாது. அறுக்கலாம், தேய்க்கலாம், நுணுக்கமா செதுக்கலாம். தேய்க்கத் தேய்க்கப் பீங்கான் மாதிரி பளபளன்னு வரும். தானாவே வட்டமா வேற இருக்கு. வளையலுக்குன்னே கடல் செஞ்சு கொடுத்த மாதிரி.

திட்டினதில் கிடைத்த ஆவணம்

இப்போ சினிமா நேரம். 1965-ல வந்த திருவிளையாடல். நாகேஷோட தருமி காமெடியை எத்தனை மீம்ல பார்த்திருப்பீங்க! அதுக்கு அடுத்து வர்ற சண்டையை யோசிங்க. சிவனா சிவாஜி, நக்கீரரா படத்தோட டைரக்டர் ஏ.பி. நாகராஜன். பாட்டுல குற்றம்னு நக்கீரர் சொல்றார். சிவனுக்குக் கோபம். வாதத்துக்குப் பதில் சொல்லாம ஆளைத் தாக்குறார். நீ யாரு, சங்கு அறுக்கிறவன்தானேன்னு கேட்குறார்.

அந்த வசை ஒரு பழைய தனிப்பாடல். சின்ன வயசுல நமக்கு அது ஒரு பஞ்ச் டயலாக். இப்போ அதை ஒரு இன்ஜினியர் மாதிரி படிச்சுப் பாருங்க. அதுல என்னென்ன தகவல் இருக்கு? வேலை செய்றவன் உடம்பு முழுக்கத் தூசி. அறுக்குற கருவியில நெய் தடவியிருக்கு. ரெண்டு காலையும் அகட்டி உட்கார்ந்திருக்கான். அறுக்குறப்ப ஒரு கரகரச் சத்தம் வருது. நக்கீரர் பேரையே அந்தச் சத்தத்தோட சேர்த்துக் கிண்டல் பண்ணுது பாட்டு.

இப்போ வங்காளத்துச் சங்குத் தொழிலாளி கையால எப்படி அறுப்பார்னு பாருங்க. அவங்களுக்கு ஷாங்காரின்னு பேரு. முதல்ல சுத்தியலால தட்டி சங்குக்கு உள்ளே இருக்கும் நடுத்தண்டை எடுத்துடுவார். அப்புறம் தரையில் காலை அகட்டி உட்கார்ந்து, சங்கைப் பாதங்களுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்குவார். கையில் பெரிய பிறைநிலா வடிவ இரும்பு ரம்பம். அதைப் பக்கவாட்டுல ஆட்டி ஆட்டி ஒவ்வொரு வளையமா அறுப்பார். வெள்ளைத் தூசி உடம்பெல்லாம் படியும். சங்கு வழுக்கினாலோ ரம்பம் தவறினாலோ, முதல்ல போறது அவர் காலு.

வசைப்பாட்டுல இருக்கும் ஆளும் இந்த ஆளும் ஒண்ணுதான். ஒருத்தரைக் கேவலப்படுத்த எழுதின பாட்டு, தெரியாம அந்தத் தொழிலோட டாக்குமென்டேஷனை நமக்கு விட்டுட்டுப் போயிருக்கு.

அறுத்ததும் வேலை முடியாது. வளையத்தோட உட்பக்கத்தை மழமழன்னு தேய்க்கணும், இல்லேன்னா கையைக் கிழிக்கும். வெளிப்பக்கத்தைக் கல்லுல உரசி, அரத்தால கோடு, பூ, கொடின்னு செதுக்கணும். சந்து இருந்தா அரக்கு வச்சு அடைக்கணும். ஒரு சங்குல கிடைக்கிறது சில வளையங்கள்தான். சங்கோட சுற்றளவு எவ்வளவோ, வளையலோட அளவும் அவ்வளவுதான். அதனால பெரிய சங்குக்குத்தான் நல்ல விலை.

சங்க இலக்கியத்துலயும் இந்தப் பட்டறை இருக்கு. மதுரைக்காஞ்சி, மதுரைக் கைவினைஞர்களை வரிசையா சொல்றப்ப சங்கறுத்துக் கடைபவங்களை முதல்ல நிறுத்துது. மணியைத் துளைக்கிறவங்க, பொன் நகை செய்றவங்க எல்லாம் அவங்களுக்குப் பின்னாடி. அகநானூற்றுல ஒரு பாட்டுல, சுருண்டு மூடியிருக்கும் பகன்றை மொட்டைப் பார்த்ததும் கவிஞருக்கு ஞாபகம் வர்றது என்ன தெரியுமா? வளையல்களை அறுத்து எடுத்த பிறகு மிச்சம் கிடக்கும் சங்கு நுனி! அந்த ஆள் பட்டறைக்குள்ள போய் நின்னு பார்த்திருக்கணும். பட்டறைக் குப்பை அழகா இருக்குன்னு தோணியிருக்கணும். ரம்பத்துக்கு அந்தப் பாட்டுல இருக்கும் பேரு வாளரம். எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்.

அகப்பாடல்கள்ல வளையல் இன்னொரு வேலையும் செய்யும். தலைவன் பிரிஞ்சு போனா தலைவி இளைச்சுப் போவாள், வளையல் கழன்று விழும். சங்கு வளையலை வளைக்க முடியாது, சுருக்கவும் முடியாது. அதனால கை எவ்வளவு இளைச்சுதுன்னு அது அப்படியே காட்டிக்கொடுத்துடும். நாம இப்போ கையில வாட்ச் கட்டி இதயத்துடிப்பை அளக்குறோம். நம்ம ஆளுங்க 2,000 வருஷம் முன்னாடியே பிரிவை அளக்க ஒரு வியரபிள் வச்சிருந்தாங்க. அதுக்கு சார்ஜ்கூட போட வேண்டாம்.

கடலுக்குள்ள போறவர்

அறுக்குறவரையாவது ஒரு வசைப்பாட்டு பதிவு பண்ணுச்சு. சங்கை எடுத்துட்டு வர்றவர்?

கி.பி. முதல் நூற்றாண்டுல, எகிப்துப் பக்கத்துலேர்ந்து வியாபாரத்துக்கு வந்த ஒருத்தர் கிரேக்கத்துல ஒரு கையேடு எழுதினார். எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்னு பேரு. அதுல கொற்கை 'கொல்கோய்'னு வருது. பாண்டியர் முத்துக்குளிப்பு பத்தி அவர் சொல்ற ஒரு விஷயம்: அந்த வேலையைச் செய்றது தண்டனை பெற்ற குற்றவாளிகள். ரோமாபுரிச் சீமாட்டி காதுல ஆடின முத்துக்குப் பின்னாடி ஒரு கைதி இருந்திருக்கான்.

பிற்காலத்துல இது பரதவர் தொழில், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் குளியாளிகளின் தொழில். கடல் யாரோடது? பாண்டியர், நாயக்கர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போனாங்க. கீழே போறவன் எடுப்பான், மேலே இருக்கிறவன் பங்கு எடுப்பான். மார்க்கோ போலோ எழுதினதுல ராஜாவுக்குப் பத்துல ஒண்ணு. சுறா கடிக்காம மந்திரம் போடுறவருக்கு இருபதுல ஒண்ணு!

முத்துச்சிப்பி பாறைத் திட்டுல கூட்டமா கிடக்கும். சங்கு அப்படி இல்லை. மணல் தரையில் புழுவைத் தின்னுக்கிட்டுத் தனித்தனியா ஊர்ந்து போகும். ஒவ்வொண்ணா தேடணும், மூச்சு இருக்கிற வரைக்கும்தான் தேடல். மேலே கொண்டு வந்ததும் அளவு பார்ப்பாங்க. 19-ம் நூற்றாண்டுக் கடைசியில இதுக்குன்னு ஒரு மரப்பலகை வச்சிருந்தாங்க. அதுல சுமார் 2⅜ அங்குலத்துக்கு ஒரு துளை. அதுக்குள்ள நழுவிப் போற சின்னச் சங்கைத் திரும்ப உயிரோட கடல்ல போட்டுடுவாங்க. தேறினதைக் கிடங்குல குவிச்சு சதை அழுக விடுவாங்க, சுத்தம் செய்ற வேலையை ஈ பார்த்துக்கும். கல்யாண மண்டபத்துல மணக்க மணக்கச் சந்தனம் பூசின கையில ஏறுற வளையல், அந்த நாத்தத்துலேர்ந்துதான் புறப்படுது.

இங்கே ஒரு சின்ன டீடூர். வலம்புரிச் சங்கு லட்சத்துல ஒண்ணுன்னு சொல்லுவாங்க இல்லையா? நாம வலம்புரின்னு சொல்றதை உயிரியல்காரங்க இடப்பக்கச் சங்குன்னு சொல்லுவாங்க. சுருள் தொடங்குற முனையை மேலே வச்சுப் பார்க்குறது அவங்க வழக்கம். அப்போ வாய் இடது பக்கம் வரும். நாம அதைத் தலைகீழா பிடிக்கிறோம், வாய் வலது பக்கம் வந்துடுது. பொருள் ஒண்ணுதான், கோ-ஆர்டினேட் சிஸ்டம்தான் வேற.

ஊரை விட்டுப் போன கலை

1563-ல கோவாவுல புத்தகம் போட்ட போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா, சங்கு வங்காள வியாபாரத்துக்குப் போற சரக்குன்னு எழுதுறார். 17-ம் நூற்றாண்டுல பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே, டாக்கா பக்கம் 2,000 பேருக்கு மேல இந்தச் சங்கு வளையல் வேலையில் இருந்ததா குறிப்பிடுறார். அதுக்குள்ள கதை மாறிடுச்சு பாருங்க. கொற்கையில் இருந்த ரம்பம் இப்போ டாக்காவுல. நம்ம கடலோரத்துக்கு மிச்சம் முக்குளிப்பும் மூட்டை கட்டுறதும்.

ஒரு ஸ்டார்ட்அப் பாஷையில சொன்னா, டிசைன் அங்கே, ரா மெட்டீரியல் இங்கே. லாபம் எந்தப் பக்கம் நிக்கும்னு நான் சொல்லவே வேண்டாம்.

அதுக்காக டாக்காக்காரங்க சொகுசா இருந்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. பழைய டாக்காவுல ஷாங்காரி பஜார்னு ஒரு தெரு. ஒடுக்கமான வீடுகள். முன்பக்கம் கடை, உள்ளே பட்டறை, மேலே குடும்பம். 1971 மார்ச் 26-ம் தேதி, பாகிஸ்தான் ராணுவம் டாக்காவுல வேட்டையைத் தொடங்கின அடுத்தடுத்த மணிநேரங்கள்ல அந்தத் தெருவும் தாக்கப்பட்டுச்சு. ஷாங்காரிக் குடும்பங்கள்ல பல பேர் கொல்லப்பட்டாங்க. தப்பிச்சவங்க பலர் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குப் போனாங்க. உயிரோட எதை எடுத்துட்டுப் போக முடியும்? கைப்பழக்கத்தை. ரம்பம் எங்கே கிடைச்சாலும் அறுக்கலாம்.

இன்னைக்கு மேற்கு வங்காளத்துல பிஷ்ணுபூர் மாதிரி ஊர்கள்ல இந்த வேலை நடக்குது. கையால அறுக்குற இடத்துல மெஷின் வந்தாச்சு. செதுக்குற வேலையில இன்னும் கைதான்.

அந்த வளையலைப் போடுறவங்க பக்கமும் கதை சுலபம் இல்லை. புருஷன் செத்தா ஷாங்காவை உடைச்சுடுவாங்க. அதனாலேயே இதைப் போட மாட்டேன்னு சொல்ற பெண்கள் இருக்காங்க. என் கலீக்கிட்ட கேட்டேன். "முதல் வாரம் கனமா இருந்துச்சு. இப்போ கழட்டி வச்சா கை காலியா இருக்கிற மாதிரி இருக்கு. பிடிச்சிருக்கா, பழகிடுச்சான்னு எனக்கே தெரியல"ன்னாங்க. அதுக்கு மேல நான் எதுவும் கேட்கல.

நம்ம பக்கம் என்ன மிச்சம்? என் ஆச்சி வீட்டுல ஒரு குட்டிச் சங்கு இருந்துச்சு. எனக்கும் என் தங்கச்சிக்கும் அதுலதான் பால் புகட்டினாங்களாம். கோயில்ல ஊதுற சங்கு இருக்கு, சாவு வீட்டுல ஊதுற சங்கு இருக்கு. பால் குடிக்கிறதுக்கும் பாடை எடுக்கிறதுக்கும் நடுவுல, கையில போடுற சங்கு மட்டும் நம்ம ஊர்லேர்ந்து காணாம போயிடுச்சு.

கடைசியா, காலுக்கு

முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இந்தக் கரையில பெரிசா நடக்கல. 1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டுச்சு. அது இன்னொரு எபிசோடுக்கான கதை. ஆனா சங்குக்கு இன்னும் ஆள் இறங்குறாங்க.

அவங்களைப் பத்திப் படிக்கிறப்பதான் அந்த மெயிலுக்கு நிஜமான பதில் கிடைச்சுது. "ஷூ, செருப்பு, எதுவா இருந்தாலும் சரி"ன்னு கேட்டாரே, அதுக்கு. மன்னார் வளைகுடாவுல மூச்சடக்கிச் சங்கு எடுக்குறவங்க கண்ணுக்கு ஒரு மாஸ்க் போட்டுக்குவாங்க. காலுக்கு? கடையில விக்கிற நீச்சல் துடுப்புக்குப் பதிலா, அலுமினியத் தகட்டைப் பாதத்துல கட்டிக்குவாங்க. உதைச்சா தண்ணியைத் தள்ளும், துருப்பிடிக்காது, கனம் இல்லை, செலவும் இல்லை. ஒரு நல்ல டிசைனுக்கு நாம சொல்ற எல்லா அம்சமும் அதுல இருக்கு.

இந்தக் காலணிக்கு டிசைனர் பேர் கிடையாது. பிராடா இதைக் காப்பியடிக்கப் போறதும் இல்லை. ஆனா ஒரு மூச்சுல அஞ்சு விநாடி மிச்சமாச்சுன்னா, அந்த அஞ்சு விநாடியில இன்னொரு சங்கு கைக்குக் கிடைக்கலாம். அந்தச் சங்கு கொல்கத்தா போய், அறுபட்டு, செதுக்கப்பட்டு, ஒரு பொண்ணு கையில ஏறி, என் பக்கத்து சீட்டுல கீபோர்டுல தட்டலாம். அவங்க கையில இருக்கும் கலை, ஒருத்தர் காலில் கட்டின தகட்டுலேர்ந்துதான் கிளம்புது.

திருவிளையாடல் சண்டைக்கே திரும்புறேன். சங்கு அறுக்கிறவன்தானேன்னு சிவன் கேட்டதுக்கு நக்கீரர் என்ன பதில் சொன்னார்? மறைக்கல, வெட்கப்படல. ஆமா, சங்கு அறுப்பதுதான் எங்க குலம், அறுத்துச் சம்பாதிச்சுச் சாப்பிடுறோம், உன்னை மாதிரி பிச்சை எடுத்துச் சாப்பிடலன்னு திருப்பிக் கொடுத்தார். நெற்றிக்கண்ணுக்கு முன்னாடி நின்னு சொன்ன பதில்!

இந்தக் கதை முழுக்கப் பேர் இல்லாதவங்கதான் வந்தாங்க. கொற்கையில் தூக்கிப் போட்ட சங்கை அறுத்தவங்க, கிரேக்கக் கையேட்டுல வர்ற கைதிகள், ஷாங்காரி பஜார் குடும்பங்கள், அலுமினியத் தகடு கட்டின குளியாளிகள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பேர் நம்ம நினைவுல நின்னிருக்கு. அதுவும் ஒரு வசையா வந்து, அதை வாங்கினவர் பெருமையா மாத்திக்கிட்டதால நின்னிருக்கு.

மெயில் போட்ட தம்பிக்கு: நம்ம ஊர்ல இருக்கு தம்பி. இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கு. அடுத்த தடவை ஒரு பெங்காலி ஃப்ரெண்டு கையில வெள்ளை வளையலைப் பார்த்தா, "இது எங்க கடல்லேர்ந்து வந்ததா இருக்கலாம்"னு சொல்லுங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. நான் சொன்னப்ப என் கலீக் வளையலைக் கழட்டாமலேயே கையை என் பக்கம் நீட்டி, "அப்போ ஒரு தடவை தொட்டுப் பாரு, உன் ஊர்தானே"ன்னாங்க. வழவழன்னு, குளுகுளுன்னு இருந்துச்சு.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே. உங்க வீட்டுல பால் புகட்டின பழைய சங்கு இருந்தா, அதோட கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வரட்டா?